குப்பனூர் ரோட்டில் வேறு மழையா?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று பயிற்சி மையத்திலிருந்து கேட்டார்கள். "ஊக்கமூட்டற மாதிரி இருந்தா நல்லது மேடம்" என்று போனில் ஒரு பிள்ளை பணிவாகச் சொன்னான். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். ஊக்கம் வேண்டுமென்றால் காலையில் எழுந்து ஏரியைச் சுற்றி நடங்கள். நான் எழுதப்போவது வேறு.

வங்கிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் என் காலம் முழுக்கக் கழிந்தது. இப்போது ஓய்வுபெற்று ஏற்காட்டில் இருக்கிறேன். கோடை வந்தால் பழைய சகாக்கள் குடும்பத்தோடு மலையேறி வருவார்கள். வராந்தாவில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, "நீங்க குடுத்து வெச்சவங்க மேடம்" என்பார்கள். இதே வார்த்தையை இதே ஊரில் இன்னொரு மனிதரிடம் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் அது காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்தவர்களுக்கு என்ன தெரியும்? காபியைக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

அந்த மனிதரைப் பற்றித்தான் எழுதுகிறேன். தனசேகர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் உங்கள் வேலை என்ன என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பயிற்சியில் உங்களுக்குக் காட்டும் வண்ணப் படங்கள் எதிலும் அது இருக்காது. ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்றால், கெட்ட காலம் வந்தால் நான் தாங்குவேனா என்று ஒரு வங்கி தன்னைத் தானே கேட்டுக்கொள்வது. கேள்வித்தாளை அதுவே தயாரிக்கும், அதுவே பரீட்சை எழுதும், அதுவே திருத்தி மார்க்கும் போட்டுக்கொள்ளும். கேள்வி நிஜமாகவே கடினமானதா, இல்லை தெரிந்த பதிலுக்கு ஏற்ற கேள்வியா என்று பார்ப்பதுதான் நமக்கு மிச்சம். கணக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

நான் சொல்லும் வங்கி பெரியது. பெயர் வேண்டாம், இப்போது அந்தப் பெயரே இல்லை. அதன் நிர்வாக இயக்குநருக்கு மலை என்றால் பிடிக்கும். சேலத்துப் பக்கத்துக்காரர். அந்த வருடத்து ஸ்ட்ரெஸ் டெஸ்டைப் பற்றி விவாதிக்க ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டை எடுத்து, இயக்குநர் குழுவையும் எங்களையும் கூப்பிட்டார். கண்காணிப்பவர்கள் அங்கே போய் உட்காருவது சரியில்லை என்று என் மேலதிகாரியிடம் சொன்னேன். "பாக்கப் போறது கணக்கு. சென்னையில பாத்தா என்ன, ஏற்காட்டுல பாத்தா என்ன?" என்றார். போனேன். ரிசார்ட் வாசலில் சந்தன மாலையும் காபித்தூள், மிளகு, தைல பாட்டில் போட்ட ஒரு துணிப்பையும் கொடுத்தார்கள். பையை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒண்டிக்கடை நாற்சந்திக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டேன். போர்வையில் நாப்தலின் நாற்றம் அடித்தது. பரவாயில்லை.

தனசேகர் அந்த வங்கியின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் பிரிவுக்குத் தலைவர். நாற்பதைத் தாண்டியவர், கூச்ச சுபாவம். ஏற்காட்டிலேயே பிறந்தவர், அப்பா ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். சொந்த ஊரில், சொந்த மேலதிகாரிகள் முன்னால் எழுந்து நின்றபோது அவருக்குக் கொஞ்சம் நடுக்கம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சொன்னது தெளிவாக இருந்தது.

வங்கி மேற்கு மாவட்டங்களில் கடனை அள்ளி இறைத்திருந்தது. நூல் மில், சாயப்பட்டறை, பின்னலாடை, லாரி, அங்கே வேலை செய்பவர்களின் வீட்டுக்கடன் என்று அறிக்கையில் தனித்தனிக் கட்டமாகப் போட்டு, ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்று எழுதியிருந்தார்கள். தனசேகர் அதை ஏற்கவில்லை. வெளிநாட்டு ஆர்டர் நின்றால் எல்லாக் கட்டமும் ஒன்றாகவே விழும் என்று வைத்துப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் வங்கி தாங்கவில்லை.

அறையில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. ஒரு இயக்குநர் வாட்ச்சைப் பார்த்தார். தனசேகர் ஜன்னல் பக்கம் கையை நீட்டினார்.

"இந்த ஊரையே எடுத்துக்கங்க சார். ரிசார்ட்டு, காபி, மிளகு, டாக்ஸி, மளிகைக் கடைன்னு பேரு அஞ்சு இருக்குதுங்க. ஆனா எல்லாத்துக்கும் அடிவாரத்துல இருந்து வர்ற ரோடு ஒன்னுதானுங்க. அதுல மண்ணு சரிஞ்சா அஞ்சும் ஒன்னாத்தானுங்க படுக்கும்."

நிர்வாக இயக்குநர் சிரித்தார். ஒருவரைக் கீழே அழுத்துவதற்கு முன் பாசமாகச் சிரிப்பது அவருடைய வழக்கம்.

"ஏன் கண்ணு, சொந்த ஊரே மறந்து போச்சா? குப்பனூர் ரோடு ஒன்னு இருக்குதே! இந்தப் பக்கம் அடைச்சா அந்தப் பக்கம் எறங்கிப் போயிடலாமல்லோ?"

எல்லோரும் சிரித்தார்கள். ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாக ஒரு மலைப்பாதை, பின்பக்கம் குப்பனூர் வழியாக இன்னொன்று. முதல் பாதை அடைபட்டால் பஸ்ஸை இரண்டாவதில் திருப்பி விடுவார்கள். வங்கிகளின் அறிக்கையிலும் கடைசியில் இப்படி ஒரு பாதை இருக்கும். மீட்பு நடவடிக்கைகள் என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். நெருக்கடி வந்தால் கையிலிருக்கும் முதலீட்டுப் பத்திரங்களை விற்போம், மற்ற வங்கிகளிடம் கடன் வாங்குவோம், ஆகவே தாங்குவோம். இதைச் சேர்த்துவிட்டால் மூழ்கும் எந்த வங்கியும் காகிதத்தில் மிதக்கும்.

சிரிப்பு அடங்கும் வரை தனசேகர் காத்திருந்தார்.

"மறக்கலீங்க சார். குப்பனூர் ரோட்டுல பெய்யறது வேற மழையுங்களா?"

தனசேகரே தொடர்ந்தார்.

"இங்க மண்ணு சரியற அளவுக்குப் பேஞ்சா அங்கயும் பேயுமுங்க. நாம பத்திரத்த விக்கப் போற அன்னைக்குத்தான் எல்லா பேங்கும் விக்க வந்து நிக்குமுங்க. வாங்கறதுக்கு ஆளு வேணுமல்லோங்க?"

என் பணிக்காலத்தில் நான் கேட்ட மிக நல்ல கேள்வி அதுதான். எத்தனையோ வெளிநாட்டு நிபுணர்களின் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்டதில்லை. நிர்வாக இயக்குநர், "நல்லாப் பேசறான் நம்ம ஊருப் பையன்" என்று சொல்லிவிட்டு மதிய உணவுக்கு எழுந்தார். சாப்பாடு முடிந்து கூடியபோது, தனசேகரின் கணக்கை "மிகையான கற்பனை" என்று ஒதுக்கிவிட்டு மிதமான வேறொன்றை வைப்பது என்று முடிவாகியிருந்தது. எப்போது பேசினார்கள், எங்கே முடிவெடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பிரியாணி நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

மறுநாள் பகலில் நான் ஒண்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தனசேகர் வந்தார். நேராக, எல்லோரும் பார்க்க வந்தார்.

"ஒளிஞ்சு மறைஞ்சு வரலீங்க மேடம். உங்ககிட்ட ஒன்னு சொல்லோணும். புதுசா வெச்ச கணக்குல நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டனுங்க."

"போடலைன்னா?"

"வேற ஆளு போடுவாங்க. எனக்கு இந்தப் பதவி இருக்காதுங்க." டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். "நீங்க வந்து பாத்துட்டு, இந்த டெஸ்ட்டு போதாதுன்னு எழுதுனீங்கன்னா, விதிப்படி அவங்க திரும்பப் பண்ணோணும். எம்பட கணக்கத்தான் எடுத்தாகோணும். எழுதச் சொல்லிக் கேக்கறதுக்கு வரலீங்க. நீங்க எழுதற ஒரு வார்த்தைலதான் இது நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியோணுமல்லோங்க? அதுக்குத்தான் வந்தனுங்க."

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இப்படி உங்களிடமும் ஒருவர் வருவார். வங்கிக்குள் இருந்துகொண்டு உண்மையைச் சொன்னவர், உங்கள் முகத்தைப் பார்ப்பார். அவருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அறிக்கையின் கடைசி வார்த்தை உங்களுடையது இல்லை, அது அவருக்குத் தெரியாது. நான், "பார்த்ததைத்தான் எழுதுவேன்" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. முகம் தெளிந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

எழுதினேன். "இந்தச் சோதனை போதாது." அதற்கான காரணங்களையும் வரிசையாக எழுதி, மீட்பு நடவடிக்கைகளை நம்ப முடியாது என்றும் சேர்த்தேன். மேலதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும். என் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார், தீபாவளிக்கு எல்லோருக்கும் தன் கையால் இனிப்புக் கொடுப்பார்.

"இதப் பாரும்மா, இது பெரிய வங்கி. போதாதுன்னு நாம எழுதினது வெளிய கசிஞ்சா என்ன ஆகும்?"

"கசிஞ்சா என்ன ஆகுமோ அது கசியலைன்னாலும் ஆகும் சார். கொஞ்சம் லேட்டா ஆகும்."

"மேலும் வலுப்படுத்தலாம்னு போடும்மா. ரெண்டும் ஒரே அர்த்தந்தான்."

"ஒரே அர்த்தம்னா எதுக்கு சார் மாத்தணும்?"

அவர் பெல்லை அடித்து எனக்கு ஒரு டீ கொண்டுவரச் சொன்னார். அறிக்கை "மேலும் வலுப்படுத்தலாம்" என்றே போனது. நான் உடன்படவில்லை என்று தனிக்குறிப்பு எழுதிக் கொடுத்தேன். கோப்பில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வைத்திருப்பார்கள். வைப்பதில் நம் அலுவலகத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

அந்த "மேலும்" என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். மேலும் சாப்பிடுங்கள் என்றால் ஏற்கெனவே சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மேலும் வலுப்படுத்தலாம் என்றால் ஏற்கெனவே வலுவாக இருக்கிறது என்று அர்த்தம். வலு இல்லை என்று சொல்ல வந்த வாக்கியத்துக்குள் வலு இருக்கிறது என்று எழுதிவிடலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். இலக்கணப் பிழையும் இல்லை. நம் அலுவலகத்தில் பொய் சொல்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்த மாதிரிச் சொற்களைப் போடத் தெரிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சீக்கிரம் மேலே போவார்கள்.

ஒன்று மட்டும் நடந்தது. தனசேகரின் கேள்வியை என் குழுவில் சொன்னேன், அது ஒட்டிக்கொண்டது. எந்த வங்கியின் அறிக்கை வந்தாலும், "இதுல குப்பனூர் ரோடு எந்தப் பக்கத்துல வருது?" என்று தேடுவோம். மேலதிகாரியும் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல உதாரணம்மா, ஞாபகம் வெச்சுக்கறேன்" என்றார்.

எங்கள் அறிக்கை கிடைத்த கொஞ்ச நாளில் தனசேகரை மாற்றிவிட்டார்கள். எங்கே தெரியுமா? ஏற்காடு கிளைக்கு, மேனேஜராக. இந்த யோசனைக்காகவே அந்த நிர்வாக இயக்குநருக்கு ஒரு பரிசு கொடுக்கலாம். எங்கோ வடக்கே ஒரு பாலைவனத்துக்குத் தூக்கியடித்திருந்தால் நாலு பேர் பழிவாங்கல் என்று சொல்லியிருப்பார்கள். சொந்த ஊர், குளுகுளு மலை, ரைட்டராக இருந்த அப்பாவின் பழைய வீடு. யார் என்ன சொல்ல முடியும்? வழியனுப்பு விழாவில் நிர்வாக இயக்குநர் அவர் தோளில் கை போட்டு, "எனக்கே இப்படி ஒரு எடம் கெடைக்கலியேன்னு பொறாமையா இருக்குது கண்ணு" என்றாராம்.

அந்தக் கோடையில் நானும் என் கணவரும் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தோம். குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், தனசேகர் குடும்பத்தோடு நிற்கிறார். அவருடைய மனைவி என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பள்ளி மாணவியாக ஒரு மகள், கையில் பொரி. பக்கத்தில் பொரிகடலைக் கடைக்காரர் என்னிடம் தானாகவே பேச்சைத் தொடங்கினார்.

"நம்ம ரைட்டர் பையனுங்க. பெரிய பேங்குல பெரிய ஆபீசரு. சொந்த ஊருக்கே மாத்தல் வாங்கிட்டு வந்துட்டாருங்க. குடுத்து வெச்ச மனுசன்!"

தனசேகர், "ஆமாங்க" என்று சிரித்தார். என்னிடம் அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "நொம்பக் கூட்டமுங்க மேடம், பாத்து எறங்குங்க" என்றார், அவ்வளவுதான்.

கிளை மேனேஜருக்கு வேலை டெபாசிட் சேர்ப்பது. அதையும் அவர் ஒழுங்காகச் செய்தார். எஸ்டேட் லயன் வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள், ஓட்டல் வேலைக்காரர்கள், கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தெரிந்தவர் என்பதால் போட்டார்கள். ஊருக்கே வங்கி என்றால் தனசேகர் என்றாகிவிட்டது.

பிறகு ஆர்டர்கள் நின்றன. அவர் சொன்ன வரிசையிலேயே, மில், சாயப்பட்டறை, பின்னலாடை, லாரி, வீட்டுக்கடன் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்தன. வங்கி தன் குப்பனூர் ரோட்டுக்கு ஓடியது. பத்திரங்களை விற்கப் போனால் எல்லா வங்கிகளும் விற்க நின்றிருந்தன. கடன் கேட்டால் எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். நம் அலுவலகம் தலையிட்டு, யாரும் ஒரு வரம்புக்கு மேல் பணம் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. சேலம் வட்டாரக் கிளைகளில் நிலைமையைப் பார்த்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

காலையில் மலையேறி வந்தேன். அந்த வருடம் மழை அளவாகத்தான் பெய்திருந்தது. அடிவாரத்து ரோடும் குப்பனூர் ரோடும் அழகாக இருந்தன, மலையில் ஒரு கல்கூட உருளவில்லை. ஒண்டிக்கடையில் கிளை வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம். எஸ்டேட்டில் போனஸ் போட்டு கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

எல்லாக் கிளைகளுக்கும் தலைமையகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. "வங்கி வலுவாக உள்ளது, பதற்றம் வேண்டாம்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டும் என்று. தனசேகர் அதைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றார். ராசம்மா என்று எஸ்டேட்டில் காபிப்பழம் பறிக்கும் ஒரு அம்மா முன்னால் வந்தார். சின்ன வயதில் தனசேகரைத் தூக்கி வளர்த்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஏன் சாமி, பேங்கு தாங்குமா?"

சுற்றறிக்கையில் பதில் எழுதியே இருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை.

"தெரியாதுங்க அம்மா. இன்னைக்கு இவ்வளவுதான் குடுக்க முடியும். மிச்சம் எப்பன்னு எனக்குத் தெரியாது."

"ரைட்டர் ஊட்டுப் பையன் இருக்கறான்னுதான் சாமி போட்டோம்."

கத்தியிருந்தால் பரவாயில்லை. அந்த அம்மா கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். தனசேகர், "ஆமாங்க அம்மா" என்றார். வேறென்ன சொல்வார்? வங்கி தாங்காது என்று இயக்குநர் குழுவிடமே சொன்னவன் நான்தான் என்றா? அதைச் சொல்லும் உரிமையும் அவருக்கு இல்லை, வங்கி ரகசியம். நான் பத்தடி தள்ளி அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் ஒருவர் என்னிடம், "ஏனுங்க, நீங்க கவருமென்ட்டுங்களா? நீங்க முன்னாடியே பாக்கலீங்களா?" என்று கேட்டார். பார்த்தோம், போதாது என்றும் எழுதினோம், அப்புறம் மேலும் என்று மாற்றினோம். இதை அவருக்கு எப்படி விளக்குவது?

பணம் கடைசியில் எல்லோருக்கும் கிடைத்தது. வங்கியை இன்னொன்றோடு சேர்த்துவிட்டார்கள். ராசம்மாவுக்கும் முழுசாக வந்தது. ஆனால் அந்த அம்மா இன்றுவரை தனசேகரோடு பேசுவதில்லை.

பிறகு விசாரணை. யார் முன்கூட்டியே எச்சரித்தார்கள் என்று கேட்டார்கள். நம் அலுவலகம் அறிக்கையை எடுத்துக் காட்டியது. மேலும் வலுப்படுத்தலாம் என்று நாங்கள் அப்போதே சுட்டிக்காட்டியிருந்தோமே! பாருங்கள், வங்கியைக் காப்பாற்றப் போட்ட சொல் அலுவலகத்தைக் காப்பாற்றியது. என் மேலதிகாரி அந்த வருடம் பொன்னாடையோடு ஓய்வுபெற்றார். நிர்வாக இயக்குநர் உடல்நிலையைக் காட்டி முன்பே விலகியிருந்தார். வங்கிக்குப் பழி போட ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் பிரிவுக்குத் தலைவர் யார்? தனசேகர். அவர் கையெழுத்து இல்லையே என்றால், பொறுப்பில் இருந்துகொண்டு கையெழுத்துப் போடாததே கடமை தவறியதாம். கூடவே இன்னொரு குற்றச்சாட்டு: தலைமையகத்தின் சுற்றறிக்கைப்படி பேசாமல் வாடிக்கையாளர்களிடையே பீதியைக் கிளப்பியது.

நான் சாட்சி சொல்லப் போனேன். ரிசார்ட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். விசாரணை அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"போதாதுன்னு எழுதினதா சொல்றீங்க. உங்க அலுவலக அறிக்கையில அந்த வார்த்தையே இல்லையே மேடம்?"

"நான் கொடுத்த வரைவுல இருக்கு. தனிக்குறிப்பும் இருக்கு."

"வரைவெல்லாம் ஆவணம் ஆகாதுங்களே. தனிக்குறிப்பு உள்விவகாரம்னு உங்க அலுவலகமே எழுதிட்டாங்க."

தனசேகர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறார். அப்பா செய்த வேலைக்கே வந்து சேர்ந்துவிட்டார் என்று ஊரில் சிலர் கேலியும் பேசினார்கள்.

இதெல்லாம் ஏன் உங்களுக்கு? போன மாதம் உங்கள் பயிற்சிப் புத்தகத்தை எனக்கு அனுப்பியிருந்தார்கள். முதல் பாடமே "இரண்டாவது பாதை." ஒரு பச்சை மலை, இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் ரோடு, மேலே கருமேகம். மாற்று வழியிலும் அதே மழை பெய்யாதா என்று ஒவ்வொரு வங்கியையும் கேளுங்கள் என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நம் அலுவலகத்தின் அனுபவத்திலிருந்து பிறந்த பாடமாம். என் பழைய மேலதிகாரியின் சொற்பொழிவிலிருந்து எடுத்ததாகவும் நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னாரே, நிஜமாகவே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆத்திரத்தில் மையத்துக்குப் போன் செய்தேன். இந்தப் பாடத்தை எடுக்க வேண்டிய மனிதர் ஏற்காட்டில் இருக்கிறார், அவரைக் கூப்பிடுங்கள் என்றேன். விசாரித்துவிட்டு அந்தப் பிள்ளை பேசினான். "தண்டனை பெற்றவங்கள வகுப்புக்குக் கூப்பிட விதியில இடமில்லைங்க மேடம். உங்க ஆலோசனைய மேலும் பரிசீலிக்கிறோம்" என்றான். மேலும்! அவனுக்கு வயது இருபத்தைந்து இருக்குமா? அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டான்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் தனசேகரைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தேன், அவருடைய சொந்தப் பெயரோடுதான். இத்தனை வருடம் கழித்து ஒரே ஒரு இடத்திலாவது அந்தக் கேள்வி அவருடையது என்று அச்சில் வரட்டும் என்பது என் ஆசை. வராந்தாவில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். ராசம்மா வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். முடித்ததும் காகிதங்களை நேராக அடுக்கி என்னிடம் நீட்டினார்.

"எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது மேடம். எம்பட பேர மட்டும் எடுத்துருங்க."

"ஏனுங்க? உங்க பேருக்காகத்தானே எழுதினேன்!"

"எங்க பாப்பாவுக்கு வேல கெடைச்சிருக்குதுங்க. உங்க ஆபீஸ்லதான். இந்த வருசம் சேந்தவங்கள்ல அவளும் ஒருத்திங்க. இதக் குடுத்தீங்கன்னா அவளும் படிப்பாளுங்க. கூட இருக்கறவங்களும் படிப்பாங்க."

பொரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண். சந்தோஷப்படுவதா, வேண்டாம் என்று கத்துவதா என்று தெரியவில்லை. கடைசியில் அசட்டுத்தனமாக, "நல்லதுதானுங்க, உங்க மாதிரியே ஒரு ஆள் உள்ளே வந்தாச்சு. போதாதுன்னு எழுதறதுக்கு ஒருத்தர் வேணுமில்லையா?" என்றேன்.

தனசேகர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வேணுந்தானுங்க மேடம். ஒருத்தரு எழுதித்தானுங்க ஆகோணும். அது எம்பட புள்ளயா இருக்க வேண்டாமுங்க."

பெயரை மாற்றிவிட்டேன். அவள் யார் என்று உங்களுக்குள் தேடாதீர்கள்.